பெரிய எழுத்து பைபிள் வாங்குமுன்: காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், கண்டனூர்ப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை கோவில் முடிந்து வெளியே வரும்போது பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். இந்த விஷயத்தில் வாங்குகிறவர் ஒருவர், படிக்கப்போகிறவர் இன்னொருவர். சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிற மகன் ஆசையாக வாங்கி அனுப்புகிறார். ஊரில் இருக்கிற அம்மா பத்து நாள் புரட்டிப் பார்த்துவிட்டுப் பழைய பைபிளுக்கே திரும்பிவிடுகிறார். அப்படி ஆகாமல் இருக்கத்தான் இந்தப் பதில்கள்.

அப்பத்தாவுக்கு எழுத்து தெரியவில்லையாம். கடைக்குப் போனதும் முதலில் எதைக் கேட்கணும்?

எழுத்தின் அளவைக் கேட்பதற்கு முன்னால், எந்த மொழிபெயர்ப்பு என்று கேளுங்கள். சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே சபைகளில் வளர்ந்த பெரியவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் ‘பழைய திருப்புதல்’. ஹென்றி பவர் தலைமையிலான குழு திருத்தி 1871-இல் வந்த மொழிபெயர்ப்பு அது. கடைக்காரர்கள் ஓ.வி. என்பார்கள். கத்தோலிக்கக் குடும்பங்களில் இருப்பது 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான ‘திருவிவிலியம்’. ஒன்றில் ஆதியாகமம், யாத்திராகமம், சங்கீதம்; மற்றதில் தொடக்க நூல், விடுதலைப் பயணம், திருப்பாடல்கள். ஒன்றில் ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்’, மற்றதில் ‘ஆண்டவரே என் ஆயர்’.

வயதானவர்கள் எழுத்தெழுத்தாகப் படிப்பதில்லை. வரியின் தொடக்கத்தைப் பார்த்ததும் மீதி நெஞ்சிலிருந்து வந்துவிடும். பார்வை மங்கிய பிறகு அவர்கள் தொடர்ந்து படிப்பதற்குப் பாதித் துணை அந்த மனப்பாடம்தான். மொழிபெயர்ப்பை மாற்றிக் கொடுத்தால் எழுத்து எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அந்தத் துணை போய்விடுகிறது. எளிய நடையில் வந்திருக்கும் புதிய மொழிபெயர்ப்புகள் நல்லவைதான், இளையவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வேன். எண்பது வயதில் இருப்பவருக்கு அவர் கேட்டால் ஒழிய வாங்காதீர்கள்.

அதனால் கிளம்பும்போதே வீட்டில் இருக்கிற பழைய பைபிளின் முதல் பக்கத்தை போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். கடைக்காரருக்கு அதைக் காட்டினால் போதும்.

கத்தோலிக்கர் வாங்கும்போது தனியாகப் பார்க்க வேண்டியது ஏதாவது உண்டா?

உள்ளடக்கப் பக்கத்தைப் பாருங்கள். மொத்தம் 73 நூல்கள் இருக்க வேண்டும். தோபித்து, யூதித்து, மக்கபேயர், சாலமோனின் ஞானம், சீராக் எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். 66 நூல்கள் மட்டும் இருந்தால் அது மற்ற சபையினருக்கான பதிப்பு.

அட்டையிலேயே ‘பெரிய எழுத்து’ என்று போட்டிருக்கிறதே, அது போதாதா?

போதாது. அந்தச் சொல்லைப் போடுவதற்கு இவ்வளவு அளவு இருக்க வேண்டும் என்று எந்தப் பதிப்பகத்தையும் யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. அச்சில் எழுத்தின் அளவைப் பாயிண்டில் சொல்வார்கள். ஒருவர் 12 பாயிண்டைப் பெரிய எழுத்து என்பார், இன்னொருவர் 16-ஐ. அமெரிக்காவில் பார்வையற்றோருக்காகவே புத்தகம் அச்சிடும் நிறுவனம் 18 பாயிண்டைத்தான் பெரிய எழுத்தாகக் கணக்கில் எடுக்கிறது. ஒரு அங்குலத்துக்கு 72 பாயிண்ட். ஆக, 14 பாயிண்ட் என்றால் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர். அதுவும் எழுத்தின் மேலும் கீழும் இருக்கிற இடத்தைச் சேர்த்துத்தான். இரண்டு எழுத்துருக்களை ஒரே 14 பாயிண்டில் அச்சிட்டாலும் ஒன்று பெரிதாகத் தெரியும், மற்றது சின்னதாகத் தெரியும். எண்ணை மட்டும் நம்ப முடியாததற்கு அதுதான் காரணம். வெள்ளெழுத்து (வயதானால் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவது) மட்டும் உள்ளவர்களுக்கு 14-இலிருந்து தேடத் தொடங்கலாம் என்பது என் கணக்கு.

தமிழில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நம் எழுத்துகளில் வித்தியாசமெல்லாம் சின்னச் சின்ன இடத்தில் இருக்கிறது. ‘கி’க்கும் ‘கீ’க்கும் நடுவில் ஒரு சுழி. ‘கெ’க்கும் ‘கே’க்கும் நடுவில் கொம்பின் ஒரு சுற்று. கால் எது, ‘ர’ எது என்பதைக் கண்டுபிடிக்கக் கீழே இருக்கிற சின்னக் கோடு தெரிய வேண்டும். ன, ண இரண்டிலும் சுழிகளை எண்ண வேண்டும். புள்ளி இருக்கிறதா இல்லையா என்பது மெய்யையும் உயிர்மெய்யையும் பிரிக்கிறது. கண்புரை உள்ள கண்ணுக்கு முதலில் தொலைந்துபோவது இந்தச் சுழிகளும் புள்ளிகளும்தான்.

ஆகையால் எழுத்து உயரமாக இருக்கிறதா என்பதோடு நிறுத்திவிடாமல் மூன்றைக் கவனியுங்கள். கோடு தடிமனாக, மை நல்ல கறுப்பாக இருக்க வேண்டும். சுழிகளுக்குள் வெள்ளை இடம் அடைபடாமல் இருக்க வேண்டும். வரிக்கும் வரிக்கும் இடைவெளி வேண்டும். மேல் வரியின் ‘கு’, ‘ழு’ இறங்கி வந்து கீழ் வரியின் புள்ளிமேல் மோதக் கூடாது. இந்த மூன்றும் சரியாக இருக்கும் 13 பாயிண்ட், மெல்லிய கோட்டில் நெருக்கி அடித்த 16-ஐ விட நன்றாகப் படிக்க வரும்.

பைபிள் எழுத்து மட்டும் ஏன் எப்போதும் பொடியாகவே இருக்கிறது?

காரணம் தாள்தான், அது தமிழ் அச்சின் தொடக்கத்திலிருந்தே வருகிறது. ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டை அச்சிட இறங்கியபோது, ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713-இல் வந்து சேர்ந்தன. அவை மிகவும் பெரியவை. அந்த அளவில் அடித்தால் இருக்கிற தாள் பற்றாது என்று இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். நற்செய்திகளும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714-இல் வந்தன, புதிய ஏற்பாடு 1715-இல் முடிந்தது. ஆக, தமிழ் வேதாகமத்தின் எழுத்தைச் சிறிதாக்கியது தாள் தட்டுப்பாடு.

அந்தக் கணக்கு இன்றும் மாறவில்லை. 9 பாயிண்டை 14 ஆக்கினால் எழுத்து உயரத்திலும் அகலத்திலும் வளர்வதால், ஒரே வசனம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு இடத்தை எடுத்துக்கொள்கிறது. பதிப்பகத்துக்கு அப்புறம் மூன்றே வழி: பக்கத்தைக் கூட்டலாம், தாளை இன்னும் மெல்லியதாக்கலாம், வரிகளை நெருக்கலாம். நீங்கள் கையில் எடுக்கும் பதிப்பு இவற்றில் எதைச் செய்திருக்கிறது என்று பார்த்தாலே அதன் குறை எங்கே இருக்கும் என்று தெரிந்துவிடும்.

கடையில் வைத்து எப்படிச் சோதிப்பது?

படிக்கப்போகிறவரையே கூட்டிக்கொண்டு போங்கள். அவர் தினமும் போடுகிற கண்ணாடியோடு, வழக்கமாகப் படிக்கிற உட்காரும் நிலையில். கடை விளக்கு வீட்டு விளக்கைவிடப் பிரகாசமாக இருக்கும் என்பதால், கொஞ்சம் உள்ளே தள்ளி, வெளிச்சம் குறைந்த இடத்தில் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.

சோதிப்பதற்கு 23-ஆம் சங்கீதத்தைத் திறக்காதீர்கள். ‘ஐயா கடகடவென்று படித்துவிட்டார், இது போதும்’ என்று வாங்கிக்கொண்டு போவார்கள். அவர் படிக்கவே இல்லை, மனப்பாடமாகச் சொன்னார். நெகேமியாவின் நடுவில் ஒரு பக்கம், அல்லது எண்ணாகமத்தில் ஒரு பக்கம் எடுத்துக் கொடுங்கள். பழக்கமில்லாத பெயர்கள் வரும் இடம் நல்லது. ஒரு வரி போதாது. முழுப் பக்கம், முடிந்தால் இரண்டு பக்கம். முதல் பத்து வரியில் யாரும் தடுமாற மாட்டார்கள், இரண்டாம் பக்கத்தில்தான் கண் சலிக்கும். படிக்கும்போது வரி மாறிப் போகிறாரா, விரல் வைத்துக்கொண்டே போகிறாரா, புத்தகத்தை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோகிறாரா என்று பக்கத்தில் இருந்து பாருங்கள்.

அவர் வர முடியாவிட்டால், வாங்கும்போதே மாற்றித் தருவார்களா என்று கேட்டுவிடுங்கள். பெரியவர்கள் ‘தெரியுதுப்பா, நல்லா இருக்கு’ என்றுதான் சொல்வார்கள். பிள்ளை செலவு பண்ணி வாங்கியதைக் குறை சொல்ல அவர்களுக்கு மனசு வராது. ஒரு வாரம் கழித்து மேசைமேல் எந்தப் பைபிள் திறந்திருக்கிறது என்று பார்த்தால் உண்மை தெரியும்.

தாள் மெல்லிசா இருக்கு, பின்பக்க எழுத்து தெரியுது. பரவாயில்லையா?

வயதான கண்ணுக்கு இது பெரிய தொந்தரவு. பின்பக்கத்து எழுத்தின் நிழல் வரிகளுக்கு நடுவில் வந்து விழும்போது, சுழியும் புள்ளியும் எது இந்தப் பக்கத்தது என்று கண்ணுக்குக் குழப்பம். ஒரு தாளை மட்டும் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்காதீர்கள். அப்படிப் பார்த்தால் எல்லாத் தாளிலும் தெரியும். புத்தகத்தை மேசையில் விரித்து வைத்துப் பாருங்கள். அப்போதும் தெரிந்தால் வேண்டாம். இரண்டு பக்கத்து வரிகளும் ஒன்றன்மேல் ஒன்று நேராக விழும்படி அச்சிட்ட பதிப்புகளில் இந்த நிழல் வரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், படிக்க இதமாக இருக்கும்.

ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால், படிக்கும் தாளுக்குக் கீழே ஒரு கறுப்புக் காகிதத்தைச் செருகி வையுங்கள். நிழல் வெகுவாகக் குறையும்.

இயேசு பேசியதைச் சிவப்பில் அச்சிட்ட பைபிள் வாங்கலாமா?

இளையவர்களுக்கு அழகாக இருக்கும். கண்புரை உள்ளவருக்கு வேண்டாம் என்பேன். மங்கிய வெள்ளைத் தாளில் சிவப்பு எழுத்து கறுப்பு அளவுக்கு எடுப்பாகத் தெரியாது, மாலை வெளிச்சத்தில் இன்னும் மங்கும். நற்செய்தியில் அவர்கள் மிகவும் விரும்பிப் படிக்கிற பகுதியே கடினமாகிவிடுகிறது என்பதுதான் எனக்கு வருத்தம்.

பெரிய எழுத்து பைபிள் ரொம்ப கனமா இருக்கே, அம்மாவால் தூக்க முடியவில்லை?

பல வீடுகளில் பெரிய எழுத்து பைபிள் பீரோவுக்குள் போய்விடுவதற்கு முக்கியமான காரணம் இதுதான். மூட்டு வலியும் கை நடுக்கமும் உள்ளவருக்கு ஒன்றரை, இரண்டு கிலோ புத்தகத்தை மடியில் வைத்துப் படிக்க முடியாது. அவர்கள் அதை வெளியே சொல்வதும் இல்லை.

முதல் வழி, முழு வேதாகமத்தை விட்டுவிட்டுப் புதிய ஏற்பாடும் சங்கீதமும் மட்டும் சேர்ந்த பெரிய எழுத்துப் பதிப்பை வாங்குவது. அன்றாடம் படிப்பது பெரும்பாலும் இவைதான். பழைய ஏற்பாட்டுக்கு முழு பைபிள் மேசையில் இருக்கட்டும்.

இரண்டாவது வழி, சாய்த்து வைத்துப் படிக்க ஒரு தாங்கி. இதற்கு நம் ஊரிலேயே அருமையான சாமான் இருக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் கணக்குப்பிள்ளை மேசைப் பெட்டி கிடைக்கும். தரையில் உட்கார்ந்து பேரேடு எழுதுவதற்காகச் செய்தது, மூடி சரிவாக இருக்கும். விரித்த பைபிள் அதில் சரியாக உட்காரும், கழுத்தும் குனிய வேண்டாம். கீழ் விளிம்பில் புத்தகம் வழுக்காமல் இருக்க ஒரு தடுப்புச் சட்டம் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் தச்சரிடம் சொல்லி ஒரு ரீப்பர் அடித்துக்கொள்ளலாம். பழைய தேக்குப் பெட்டிக்கு விலை அதிகம் சொல்வார்கள். அந்த விலை கொடுக்க வேண்டியதில்லை, ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கிற மடக்குத் தாங்கியும் அதே வேலையைச் செய்யும். நாற்காலியில் உட்காருபவருக்கு மேசைமேல் வைக்கிற தாங்கிதான் சரி.

எந்தக் கட்டு நல்லது? ஜிப் வைத்த உறை வேண்டுமா?

தைத்த கட்டுதான் வாங்க வேண்டும். முதுகின் மேல்பக்கத்தைப் பாருங்கள். தாள்கள் சின்னச் சின்னக் கட்டாக மடித்துச் சேர்த்திருந்தால் தைத்தது, ஒரே சீராக வெட்டிப் பசை தடவியிருந்தால் ஒட்டியது. ஒட்டிய கட்டு நம் ஊர் சித்திரை வெயிலில் பசை காய்ந்து, நடுவில் பிளந்து தாள் உதிரும். இன்னொரு சோதனை: ஆதியாகமம் முதல் அதிகாரத்தைத் திறந்து கையை எடுங்கள். தானாக மூடிக்கொண்டால் அந்தப் பைபிளைப் படிக்க எப்போதும் ஒரு கை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஜிப் நடுங்கும் விரல்களுக்கு ஆகாது. பஸ்ஸில் கோவிலுக்கு எடுத்துப் போகிறவருக்கு வேண்டுமானால் சரி.

எங்கள் வீடு பழைய செட்டிநாட்டு வீடு. உள்ளே எப்போதும் இருட்டு. என்ன செய்யலாம்?

வெயில் உள்ளே வராமல் இருக்கவே அந்த வீடுகளைக் கட்டினார்கள். தடித்த சுவர், சின்ன ஜன்னல், வெளிச்சமெல்லாம் முற்றத்து வழியாக. வெயில் காலத்துக்கு அருமை, படிப்புக்குக் கஷ்டம். பழைய வீட்டின் ஒரு பகுதியில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு முற்றத்துப் பக்கமே கிடைக்காமல் இரண்டாங்கட்டு அறை மட்டும் வாய்க்கும், அவர்களுக்கு இன்னும் கஷ்டம்.

அறுபது வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் இருபது வயதில் போவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். உங்களுக்குப் போதுமான விளக்கு உங்கள் அம்மாவுக்குப் போதாது. பெரிய எழுத்துக்குச் செலவு செய்வதற்கு முன்னால், இருக்கிற பைபிளை நல்ல விளக்கில் படிக்கச் சொல்லிப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். சிலருக்கு அதுவே போதுமாக இருக்கிறது.

பகலில் முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில், முற்றத்துக்கு முகம் காட்டாமல் பக்கவாட்டில் உட்காரட்டும். வெளிச்சம் தோளுக்கு மேலாக வந்து பக்கத்தில் விழ வேண்டும். நேர் வெயில் தாளில் பட்டால் கண் கூசும். ராத்திரியில் உத்தரத்துக்கு அருகே தொங்குகிற பல்பை நம்பாதீர்கள், அந்த வீடுகளின் உயரத்துக்கு அது எட்டாத தூரம். கழுத்து வளையும் எல்.இ.டி. மேசை விளக்கு ஒன்றைப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். விளக்கின் தூரத்தைப் பாதியாக்கினால் தாளில் விழும் வெளிச்சம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். சார்ஜ் நிற்கிற விளக்காக இருந்தால் கரண்ட் போனாலும் ஜெபம் நிற்காது.

கண்ணாடியை மாற்றினால் போதாதா? பெரிய எழுத்து எதற்கு?

முதலில் கண்ணைக் காட்டிவிடுங்கள். நாற்பதுக்கு மேல் வரும் வெள்ளெழுத்து கண்ணாடியில் சரியாகிவிடும். கண்புரை என்றால் அறுவை சிகிச்சை செய்தால் பார்வை திரும்பும். அதைத் தள்ளிப்போட்டுவிட்டுப் பெரிய பைபிளாகத் தேடிக்கொண்டிருப்பது அவருக்குச் செய்யும் நன்மை இல்லை. மதுரையில் டாக்டர் கோவிந்தப்ப வேங்கடசாமி 1976-இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை நமக்குப் பஸ் ஏறினால் போய்விடுகிற தூரம்தான். சர்க்கரை உள்ளவர்கள் எழுத்து தெரிகிறதோ இல்லையோ, வருஷத்துக்கு ஒரு தடவை விழித்திரையைக் காட்ட வேண்டும்.

நேர் வரி வளைந்து தெரிகிறது, படிக்கிற சொல்லின் நடுவிலேயே மங்கலாக ஒரு திட்டு விழுகிறது, திடீரென்று ஒரு கண் மங்கிவிட்டது என்று சொன்னால் கடைக்குப் போக வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பெரிய எழுத்தும் தெரியவில்லை என்றால்?

விளக்கு வைத்த கைப்பூதக்கண்ணாடி சிலருக்கு உதவும். டேப்லெட்டில் பைபிள் செயலியைப் போட்டுக் கொடுத்தால் எழுத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாகவும் மாற்றலாம். யூவெர்ஷன் செயலியில் பழைய திருப்புதலும் இருக்கிறது. தமிழில் ஒலி வேதாகமமும் கிடைக்கிறது. ஆனால் அதைக் கொடுத்துவிட்டுப் பைபிளைக் கையிலிருந்து வாங்கிவிடாதீர்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பேத்தி ஒரு அதிகாரம் வாசித்துக் காட்ட, அப்பத்தா மடியில் அதே இடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பதை நான் பல வீடுகளில் பார்க்கிறேன். அது நல்ல ஏற்பாடு.

பழைய எழுத்தில் அச்சிட்டது, புதிய எழுத்தில் அச்சிட்டது, இதில் எது?

1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன்னால் ணை, லை, ளை, னை எழுத்துகளுக்குத் தும்பிக்கை மாதிரி மேல் வளைவு இருந்தது. ணா, றா, னா எழுத்துகளும் வேறு வடிவம். எழுபதைத் தாண்டியவர்கள் அதில் படித்து வளர்ந்தவர்கள், அவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். பேரப்பிள்ளையும் அதே பைபிளில் வாசித்துக் காட்ட வேண்டும் என்றால் புதிய எழுத்துப் பதிப்பை வாங்குங்கள்.

எங்கே கிடைக்கும்?

மதுரை, திருச்சியில் இருக்கிற கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் பல பதிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இந்திய வேதாகமச் சங்கத்தின் பதிப்புகள் மற்றவற்றைவிட விலை குறைவாகவே இருக்கும். வேளாங்கண்ணிக்கோ ஓரியூருக்கோ போகிறவர்கள் அங்கே திருவிழாக் கடைகளிலும் பார்க்கலாம், ஆனால் கூட்டத்தில் நின்று எழுத்தைச் சோதிக்க முடியாது. ஆன்லைனில் வாங்கினால் அட்டைப் படத்தை நம்பாமல் உள்பக்கப் படம் இருக்கிறதா என்று பாருங்கள். அதையும் போனில் பார்த்து அளவை முடிவு செய்ய முடியாது. பாயிண்ட், எடை, நீள அகலம் மூன்றும் எழுதியிருக்க வேண்டும். திருப்பி அனுப்ப வழி இல்லாத இடத்தில் வாங்காதீர்கள்.

பழைய பைபிளை என்ன செய்வது?

அப்படியே வீட்டில் இருக்கட்டும். முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் பிள்ளைகள் பிறந்த தேதி, ஞானஸ்நானத் தேதி, கல்யாணம், இறந்த நாள் எல்லாம் எழுதியிருப்பார்கள். சில குடும்பங்களுக்கு வேறு பதிவே கிடையாது. அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் அனுப்பிவிடுங்கள். இராமபாணப் பூச்சி அரிக்காமல் இருக்க, பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டாமல் பருத்தித் துணியில் சுற்றி, மாதம் ஒரு தடவை எடுத்து நிழலில் காற்றாட விரித்து வையுங்கள். வசம்புத் துண்டு இரண்டை அதன் பக்கத்தில் போட்டு வைக்கலாம்.

புதுப் பைபிளில் பெயர் எழுதிக் கொடுக்கலாமா?

எழுதுங்கள், பெரியவர்களுக்கு அதில் மிகுந்த சந்தோஷம். ஆனால் ஒரு வாரம் படித்துப் பார்த்து ‘இதுவே இருக்கட்டும்’ என்று அவர் சொன்ன பிறகு எழுதுங்கள். எழுதிய பைபிளைக் கடையில் மாற்றித் தர மாட்டார்கள். மெல்லிய தாளில் ஜெல் பேனாவும் ஸ்கெட்ச் பேனாவும் ஊறி அடுத்த பக்கத்துக்கு இறங்கும், சாதாரண பால் பாயிண்ட் பேனாவே போதும். பெயரையும் பெரிய எழுத்திலேயே எழுதுங்கள்.